இங்கிலீஷ் வரியை வாலில் இருந்து பிடியுங்கள்

கம்பம், போடி, கேரள எல்லையில் இருக்கிற குமுளிப் பக்கம் படிக்கிற பிள்ளைகள் பலருக்கு கிராமர் விதியெல்லாம் மனப்பாடம், ஆனால் சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். அவர்களுக்குத்தான் இது.

முதலில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: ‘அம்மா காலையில் ஜீப்பில் தோட்டத்துக்குப் போகிறார்.’ இப்போது அம்மாவை அப்படியே விட்டுவிட்டு, மீதியைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள். போகிறார், தோட்டத்துக்கு, ஜீப்பில், காலையில். இங்கிலீஷில் அதே வரிசைதான்: ‘அம்மா கோஸ் டு த எஸ்டேட் பை ஜீப் இன் த மார்னிங்.’ வார்த்தைக்குள்ளேயும் இந்தத் திருப்பம் நடக்கிறது பாருங்கள், தோட்டத்தின் பின்னால் ஒட்டியிருந்த ‘க்கு’ அங்கே ‘டு’வாகி முன்னால் வந்துவிட்டது, காலையின் ‘இல்’ ‘இன்’ ஆகிவிட்டது (ஜீப்பின் ‘இல்’ மட்டும் ஏன் ‘பை’ என்று கேட்காதீர்கள், அது பழகப் பழகத்தான் வரும்). ‘பச்சை ஏலக்காய்’ மாதிரி ஜோடிகளைத் திருப்ப வேண்டாம், இரண்டு மொழியிலும் ஒரே வரிசை.

அப்புறம், ‘நேற்று கம்பம் போனேன்’ என்றால் தமிழில் போதும், ‘போனேன்’ கடைசியில் இருக்கிற ‘ஏன்’ என்கிற வால் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் ‘வென்ட்’ அப்படிக் காட்டாது. மலையாளம் காதில் விழுந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது சுலபம்: ஞான் போயி, அவன் போயி, அவர் (அவர்கள்) போயி, எல்லாருக்கும் ஒரே போயி, அதே மாதிரிதான் ஐ வென்ட், ஹீ வென்ட், தே வென்ட். ஆளை முன்னால் வைக்க மட்டும் மறக்கக் கூடாது. நிகழ்காலத்தில் ஹீ, ஷீ, இட் வந்தால் வினையில் ஒரு ‘ஸ்’ ஒட்டும், மார்க் போகிற இடம் அதுதான்.

‘இது என் வீடு’ என்பதில் வினையே இல்லை, ஆனால் குமுளிக்காரர் மலையாளத்தில் ‘இது என்டெ வீடாணு’ என்பார். அந்த ‘ஆணு’ எங்கே வருமோ அங்கே ஆம், இஸ், ஆர் மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: ‘திஸ் இஸ் மை ஹவுஸ்.’

‘எனக்கு’ என்று ஆரம்பித்தால் உஷார். எனக்கு இரண்டு தம்பி என்பது ‘ஃபார் மீ’ இல்லை, ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்.’ பசித்தால் ‘ஐ ஆம் ஹங்கிரி.’ கேள்வியில் ‘டிட்’ வந்துவிட்டால் ‘வென்ட்’ வேண்டாம், ‘டிட் யூ கோ?’ என்றாலே சரி.

பழகுவதற்கு, பஸ் ஸ்டாண்டில் கண்ணில் பட்டதை ஒரு வரிக்கு ஒரே வினை என்று எழுதித் திருப்புங்கள். ‘ஏனென்றால்’ போட்ட நீள வரிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.