லீனும் அஜைலும்: நிறுவனத்தை மாற்றப் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீண் வேலையைக் குறைத்து, குறையை அங்கேயே சரிசெய்யும் லீன் என்ற உற்பத்தி முறை டொயோட்டாவின் கார் ஆலைகளில் வளர்ந்தது. மென்பொருளைச் சிறு சிறு துண்டுகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் முறைக்கு அஜைல் என்ற பெயர் 2001-இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய அறிக்கையில் வந்தது. இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கருவிகளுக்குப் போய்விடுகிறார்கள்: அங்கே கான்பான் அட்டை (அடுத்து என்ன தேவை என்று சொல்லும் அட்டை), இங்கே ஸ்பிரின்ட் (சில வாரங்களுக்கான சிறு வேலைச் சுற்று), ஸ்டாண்ட்-அப் (தினமும் நின்றுகொண்டே நடத்தும் சிறு கூட்டம்). முதல் தவறும் பெரிய தவறும் இதுதான்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை, 1984-இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் சேர்ந்து நம்மி என்ற பெயரில் திறந்தன. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள்தான், ஆனால் இப்போது ஒரு போல்ட் சரியாக உட்காரவில்லை என்றால் தலைக்கு மேலே தொங்கும் ஆன்டான் கயிற்றை இழுக்கலாம், உடனே டீம் லீடர் ஓடிவருவார், இருவராலும் அங்கேயே சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். கொஞ்ச காலத்திலேயே தரம் எங்கோ உயர்ந்துவிட்டது. இதையே ஜி.எம். தன் வான் நைஸ் ஆலையிலும் கொண்டுவரப் பார்த்தது, ஒட்டவில்லை. கயிற்றை எந்த ஆலையிலும் கட்டிவிடலாம். இழுத்தவனைத் திட்டாத சூபர்வைசர் வேண்டுமே!

மென்பொருளிலும் இதே கதைதான். பில்டு (எல்லோரும் எழுதிய கோடைச் சேர்த்து உருவாக்கும் மென்பொருள்) உடைந்தால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யும் உரிமை டீமுக்கு இல்லை, ரிலீஸ் தேதிதான் முக்கியம் என்றால், தினமும் 15 நிமிடம் நின்றுகொண்டு பேசுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்தது, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வது. ஆலையில் ஒரே காரைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், அதனால் வித்தியாசம் வந்தாலே அது குறை. மென்பொருளில் ஒருமுறை எழுதியதைத் திரும்ப எழுதத் தேவையே இல்லை, ஒவ்வொரு வேலையும் புதுசு. டெஸ்டிங், டிப்ளாய்மென்ட் (பயன்பாட்டுக்கு விடுவது) இதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்குங்கள், நல்லது. ஆனால் யோசிக்கிற வேலைக்கு ஸ்டாப்வாட்ச் பிடிக்காதீர்கள். இதன் தொடர்ச்சிதான் வெலாசிட்டியை, அதாவது ஒரு ஸ்பிரின்ட்டில் டீம் முடிக்கும் ஸ்டோரி பாயின்ட்டுகளை (வேலையின் அளவுக்கு டீமே போடும் மதிப்பெண்), வைத்து இரண்டு டீம்களை ஒப்பிடுவது. அடுத்த மாதமே ஸ்டோரி பாயின்ட் ஏறிவிடும், வேலை அப்படியே இருக்கும்.

அப்புறம், வீண் வேலையைக் குறைப்பது என்றால் ஆளைக் குறைப்பது என்று எடுத்துக்கொள்வது. இது எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு. 1988-இல் விற்பனை சரிந்தபோதுகூட நம்மியில் ஆட்களை வெளியே அனுப்பாமல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். வேலையைச் சுலபமாக்கும் யோசனையைச் சொன்னால் தன் வேலையே போய்விடும் என்று தெரிந்தால் யார் வாயைத் திறப்பார்கள்?

நீங்கள் தொடங்கப் போகிறீர்கள் என்றால் பலகை, அட்டை, மென்பொருள் எல்லாம் வாங்கும் முன்னால் ஒன்றைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்: உங்கள் இடத்தில் வேலையை நிறுத்தும் உரிமை யாருக்கு இருக்கிறது, கடைசியாக அதைப் பயன்படுத்தியவருக்கு என்ன ஆயிற்று?