கீழமாசி வீதியில் தலை எண்ணுவது எப்படி

என் அம்மா மதுரை கீழமாசி வீதியைக் கடக்க நின்ற நேரம்தான், நடந்தும் சைக்கிளிலும் போகிறவர்களை எண்ணும் இந்த வேலைக்கு என்னை இழுத்தது. இப்போது காலை 8 மணிக்குப் பரீட்சை அட்டை, இரண்டு பேனா, தண்ணீர் பாட்டிலோடு போய்விடுகிறேன். நீங்களும் வாருங்கள். ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்தால் போதும்.

முதலில் கோடு. இந்தப் பக்கம் ஒரு மின்கம்பம், எதிரே ஒரு கடையின் ஷட்டர். நடுவே கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டுகிறவர்கள் மட்டும்தான் கணக்கு. டீ கொண்டுபோகிற தம்பி ஆறு முறை தாண்டினான். முதல் நாள் அவனுக்கு ஒரு கோடுதான் போட்டேன், தப்பு. ஆறு முறை வண்டிகளுக்கு நடுவே புகுந்து போகிறானே, ஆறு கோடு போட வேண்டும்.

சைக்கிளை எண்ணாதீர்கள், அதில் இருப்பவர்களை எண்ணுங்கள். அப்பா ஓட்ட, மகள் கேரியரில் இருந்தால் இரண்டு. இடுப்பில் இருக்கும் குழந்தையும், சக்கர நாற்காலியில் வருபவரும் நடப்போர் பத்தியில் வருவார்கள். மளிகை மொத்தக் கடைகள் உள்ள தெரு என்பதால் மூட்டையை ஏற்றிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நிறைய பேர் வருவார்கள். தள்ளுகிறவர் நடப்பவர்தான். ஆனால் நான் பக்கத்தில் 'மூ' என்று சின்னதாகக் குறித்துவிடுவேன். இரண்டு பக்கமும் மூட்டை தொங்க வருகிறவருக்கு ஒற்றை ஆள் போகும் நடைபாதை எப்படிப் போதும்?

15 நிமிடத்துக்கு ஒரு கட்டம். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. மனதில் வைத்து அப்புறம் எழுதலாம் என்று விடாதீர்கள், ஒரு பஸ் மறைத்தால் போச்சு.

நாள் முக்கியம். செவ்வாய், புதன், வியாழனில் பள்ளிக்கூடம் இருக்கும் நாளாகப் பாருங்கள், முகூர்த்தம் வேண்டாம். சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் நாளில் எண்ணினால் அது திருவிழாக் கணக்காகிவிடும். இரண்டு மணி நேரம் எண்ணுங்கள், அடுத்த வாரம் அதே நேரம் மறுபடியும்.

சரி, கடைசியாக டேப். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டுதல் நடைபாதைக்குத் தடையில்லாத 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. கடைப்படி, மின்கம்பம், நிறுத்திய பைக் எல்லாம் போக மிஞ்சுவதை அளந்து, எண்ணிக்கையோடு ஒரே தாளில் எழுதி வார்டு கவுன்சிலரிடம் ஒன்று, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒன்று கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.