அகத்தியருக்கு வலப்பக்கம் மூன்று விரல்

வேற்றுச் சூரியன்களைச் சுற்றும் கோள்களை வீட்டுப் பின்புறத்தில் நின்று பார்க்க முடியாது. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இணையத்தில் உலவும் வண்ணப் படங்களில் பெரும்பாலானவை ஓவியர்கள் வரைந்தவை. ஆனால் அந்தக் கோள் சுற்றும் நட்சத்திரத்தை விரல் நீட்டிக் காட்டலாம். கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் காட்டுகிறேன்.

எங்கள் தென்னாப்பிரிக்க டர்பனில் அதற்கு நல்ல காலம் தைப்பூசத்துக்குப் பிறகு. காவடியன்று பௌர்ணமி, அன்று வேண்டாம். ஒரு வாரம், பத்து நாள் போகட்டும். நிலா எழவே நள்ளிரவு ஆகிவிடும். வாசல் விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் கண்ணைப் பழக்குங்கள். பக்கத்து வீட்டு செக்யூரிட்டி லைட்டுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. லோட் ஷெடிங் காலத்தில் கிடைத்த ஒரே நன்மை இந்த இருட்டுதான்.

இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பித் தலையை நன்றாக நிமிர்த்துங்கள். பளிச்சென்று நிற்பவர் அகத்தியர், அதாவது கனோபஸ். தமிழ்நாட்டில் தாழ்வாகத் தெரிபவர், எங்கள் சாட்ஸ்வொர்த்தில் உச்சிக்குப் பக்கத்தில் வீற்றிருப்பார். கையை நீட்டி நடு மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடியுங்கள். அவருக்கு வலப்பக்கம், அந்த அகலத்துக்குக் கொஞ்சம் அப்பால், சற்று மேலே மங்கலாக ஒன்று இருக்கும். அதுதான் பீட்டா பிக்டோரிஸ். தூரம் சுமார் 63 ஒளியாண்டு, வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டு; நட்சத்திரக் கணக்கில் கைக்குழந்தை. அதன் கோள் ஒன்று வியாழனைவிடப் பல மடங்கு கனமானது. பிறந்த சூடு ஆறாமல் இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. அங்கே ஒரு நாள் என்பது எட்டு மணி நேரம்தான். இது 2014இல் அளந்து சொன்ன கணக்கு.

அடுத்ததற்கு பைனாகுலர் வேண்டும், டிராகன்ஸ்பெர்க் மலைப் பக்கத்து இருட்டும் வேண்டும். அதே நேரத்தில் தென்மேற்கே நடுவானுக்குக் கீழே அக்கர்னார் என்ற நட்சத்திரம் ஒளிரும். அதே உயரத்தில் வலப்பக்கம் நீட்டிய கையின் மூடிய முஷ்டி அகலமும் கொஞ்சமும் தள்ளினால், ஃபீனிக்ஸ் நட்சத்திர மண்டலத்தில், வாஸ்ப்-18 என்ற நட்சத்திரம் இருக்கும் இடம். புள்ளிகளுக்குள் எது என்று பிரிக்க ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியைத் திறந்துகொள்ளுங்கள். (ஃபீனிக்ஸ் மண்டலம் என்றதும், நம்ம டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸா என்று ஒரு பையன் கட்டாயம் கேட்பான்.) இதன் கோளை 2009இல் அறிவித்தார்கள், கண்டுபிடித்தவை நம் நாட்டு சதர்லாந்தில் வைத்திருந்த கேமராக்கள். நட்சத்திரத்தின் ஒளி 22.6 மணிக்கு ஒருமுறை நூற்றில் ஒரு பங்கு குறைந்தது. கோள் குறுக்கே போகிறது என்று பிடித்துவிட்டார்கள். அதாவது அங்கே ஒரு வருடம் நம் ஒரு நாளுக்கும் குறைவு. தினமும் பிறந்தநாள் என்று சொல்லுங்கள், சின்னப் பிள்ளைகளும் மறக்க மாட்டார்கள். வெயில் பக்கம் 2,700 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதை அப்புறம் சொல்லுங்கள்.

சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரியையும் கேட்பார்கள். 1915இல் ஜோகன்னஸ்பர்கிலிருந்து ராபர்ட் இன்னஸ் கண்ட நட்சத்திரம் அது, பைனாகுலருக்கும் எட்டாது. ஜூன், ஜூலையில் ஆல்ஃபா செண்டாரி உயரே வரும்போது அதைக் காட்டி, இதற்குப் பக்கத்தில்தான் என்று சொன்னால் போதும்.