தலைகளை எண்ணி ஏமாற வேண்டாம்: உறவுக்குள் இனச்சேர்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐம்பது பெட்டை ஆடுகள், ஒரு கிடா. மந்தை பெரியது என்று நினைப்பதுதான் இதில் மிகப் பெரிய தவறு. குட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தந்தை என்பதால், உறவு நெருக்கம் கூடும் வேகத்தில் இந்த மந்தை இரண்டு ஆணும் இரண்டு பெண்ணும் மட்டுமே உள்ள மந்தைக்குச் சமம். அந்தக் கிடா தன் மகளோடு சேர்ந்தால், பிறக்கும் குட்டியின் மரபணு இணைகளில் சராசரியாக 25 சதவீதம் ஒரே மூதாதையின் நகல்களாக இருக்கும். கூடப்பிறந்தவை சேர்ந்தாலும் அதே அளவுதான். தந்தை மட்டும் பொதுவானால் 12.5 சதவீதம். ஆகவே மகள்கள் பருவத்துக்கு வருமுன் கிடாவை மாற்றிவிட வேண்டும். அதன் மகனையே அடுத்த பொலிகிடாவாக நிறுத்துவதை மாற்றம் என்று சொல்ல முடியாது. மந்தையில் பிறந்த இளம் பெட்டைகள் எல்லாம் அதன் சகோதரிகளாக இருக்கும்.

முதல் ஈற்றில் ஊனம் ஏதும் தெரியவில்லை என்று நிம்மதி அடைவது அடுத்த தவறு. உறவுக்கலப்பு கெட்ட மரபணுவைப் படைப்பதில்லை. ஒளிந்திருப்பது தாய், தந்தை இருவழியிலும் வந்து சேரும்போது வெளிப்படுகிறது. பெரும்பாலும் அது கண்ணுக்குத் தெரியும் ஊனமாக வருவதில்லை: சினை தங்காது, குட்டிகள் இறக்கும், எடை ஏறாது. பிறப்புப் பதிவேடு இல்லாதவர்கள் தீவனத்தின் மேல் பழி போடுவார்கள்.

ஒருமுறை வெளி இரத்தம் சேர்த்தால் போதும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கிய மலைச்சிங்கங்களிடையே 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் விலங்குகளை விட்டார்கள். வளைந்த வாலும் விரை இறங்காமையும் குறைந்தன, எண்ணிக்கை பெருகியது. ஆனால் அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியிலுள்ள ஐல் ராயல் தீவின் ஓநாய்களுக்கு 1997இல் வந்து சேர்ந்தது ஒரே ஓர் ஆண். சில ஆண்டுகளில் அதன் வாரிசுகளே தீவை நிரப்ப, மீண்டும் உறவுக்குள்ளேயே இணை தேட நேர்ந்தது. 2018இல் எஞ்சிய இரண்டும் தந்தையும் மகளும். போதாததற்கு, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை!

அதற்காக எங்கிருந்தோ கொண்டுவந்து கலப்பதும் கூடாது. செக்கோஸ்லோவாக்கியாவின் தத்ரா மலையில் ஐபெக்ஸ் காட்டாடுகளோடு துருக்கி, சினாய் பகுதி ஆடுகளைச் சேர்த்தார்கள். கலப்பினம் பருவம் தவறி இணைந்து, கடுங்குளிர் பிப்ரவரியில் குட்டி ஈன்றது. அந்தக் கூட்டமே அழிந்துபோனது. உறவில் தொலைவும் தட்பவெப்பத்தில் நெருக்கமும் உள்ள விலங்கையே தேர்ந்தெடுங்கள்.