சாலையோர நடுகல்லை முறையாகப் பதிவு செய்வது எப்படி

செங்கம், அரூர், ஊத்தங்கரை வட்டாரத்துச் சாலைகளில் மரத்தடியில் எண்ணெயும் மஞ்சளும் பூசிய பலகைக்கற்கள் நிற்கும். பல ஊர்களில் அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். கையில் வில்லும் வாளும், உடலில் தைத்த அம்பும் தெரிந்தால், அது சண்டையில் மாண்ட ஒருவருக்கு எடுத்த நடுகல். கல்லில் இருக்கும் எழுத்து எவ்வளவு முக்கியமோ, அது நிற்கும் இடமும் அவ்வளவு முக்கியம். பெயர்த்துக்கொண்டு போய் வேறிடத்தில் வைத்த கல்லுக்கு ஊரும் இல்லை, திசையும் இல்லை, பக்கத்தில் துணைக்கல் இருந்ததா என்பதற்குத் தடயமும் இல்லை. அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் பதிவு. அதற்கும் முன்னால் ஊராரின் சம்மதம்.

வழிபாட்டில் இருக்கும் கல் என்றால் பூசாரியையோ ஊர்ப் பெரியவரையோ பார்த்துப் பேசிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். செவ்வாய், வெள்ளி, அமாவாசை நாட்களைத் தவிருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். கல்லுக்கு அடியில் புதையல் இருக்கிறது என்ற நம்பிக்கை பல ஊர்களில் உண்டு. கடப்பாரை, மண்வெட்டி எதுவும் உங்கள் பையில் இருக்கக் கூடாது. அதைப் பார்த்துவிட்டால் பிறகு என்ன சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

கொண்டுபோக வேண்டியவை: 5 மீட்டர் டேப், 10 சென்டிமீட்டர் கறுப்பு வெள்ளை அளவுகோல், திசைகாட்டி, இரண்டு எல்.இ.டி. டார்ச், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, மென்மையான நைலான் பிரஷ், இரண்டு குடம் தண்ணீர், பென்சில், கட்டம் போட்ட நோட்டு. ஈரத்தில் பேனா எழுத்து கரையும், பென்சில் கரையாது.

முதலில் இடத்தைக் குறியுங்கள். போனில் வரும் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமத்தில் ஐந்து இலக்கம் வரை எழுதுங்கள். அதோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் சாலையைக் கிலோமீட்டர் கணக்கில்தான் பார்ப்பார். எனவே பக்கத்துக் கி.மீ. கல்லிலிருந்து எத்தனை மீட்டர், சாலைக்கு இடப்புறமா வலப்புறமா, தார் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். வருவாய்த் துறைக்கு வேண்டியது புல எண். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் கிடைக்கும். இந்த மூன்றும் ஒரே தாளில் இருந்தால்தான் சாலை அகலப்படுத்தும்போது அந்தக் கல்லுக்காக யாராவது பேச முடியும்.

பிறகு அளவு. உயரம், அகலம், தடிமன் மூன்றையும் எடுங்கள். உயரம் என்பது தரைக்கு மேலே தெரிவது மட்டும் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர உயர, ஓரத்துக் கல்லின் கால்பகுதி மண்ணுக்குள் போய்விடுகிறது. வீரனின் முழங்காலோடு சிற்பம் நின்றுவிட்டால், கீழே இன்னும் இருக்கிறது என்று பொருள். எழுத்தின் கடைசி வரிகளும் அங்கே இருக்கலாம். தோண்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். அடிமண் தளர்ந்த பலகைக்கல் அடுத்த மழையில் சாயும், சாய்ந்தால் உடையும். தோண்டுவது தொல்லியல் துறையின் வேலை.

அடுத்தது சுத்தம் செய்தல், அதுவும் தேவையான அளவுக்கு மட்டும். மண்ணும் பாசியும், தண்ணீர் ஊற்றி நைலான் பிரஷால் தேய்த்தாலே போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கல்லுக்குச் சீயக்காய்த்தூளையோ அரப்பையோ வெந்நீரில் கரைத்துத் தேய்க்கலாம். அபிஷேகத்துக்குப் பயன்படுவதுதான் என்பதால் ஊராரும் மறுக்க மாட்டார்கள். இரும்பு பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் மூன்றையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். ஆழமில்லாத வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து வகை) கீறல் இரும்பு பிரஷின் ஒரே தேய்ப்பில் போய்விடும், திரும்ப வராது. எனாமல் பெயின்ட் அடித்த கல்லை அப்படியே விட்டுவிடுங்கள். சுரண்டினால் பெயின்டோடு கல்லின் மேல்தோலும் உரியும்.

படம் எடுப்பதில் வெளிச்சம்தான் எல்லாம். நடுப்பகலில் எடுத்த படத்தில் எழுத்தே இல்லாததுபோல் இருக்கும். வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும் நேரம் வேண்டும்: கிழக்கு பார்த்த கல்லுக்கு முற்பகலின் பிற்பகுதி, மேற்கு பார்த்ததற்குப் பிற்பகலின் தொடக்கம், வடக்கோ தெற்கோ பார்த்ததற்குப் பெரும்பாலும் காலையும் மாலையும். வடக்கு பார்த்த கல்லில் பல மாதங்கள் வெயிலே விழாது. அதற்குத்தான் கண்ணாடி: வெயிலில் நின்று ஒளியைத் திருப்பிக் கல்லின் விளிம்பிலிருந்து பாய்ச்சலாம். இருட்டிய பிறகு டார்ச்சைக் கல்லை ஒட்டி, 15 பாகைக்கு மேல் உயராமல் பிடித்து இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். கிடைக்கீறல் மேலிருந்து விழும் ஒளியில் தெரியும், செங்குத்துக் கீறல் பக்க ஒளியில் தெரியும். ஒரே படத்தை வைத்துப் படித்தால் பாதி எழுத்து தவறும். கேமராவைக் கல்லின் நடுமட்டத்துக்கு நேராக வையுங்கள். நின்றபடி குனிந்து எடுத்தால் கீழ்வரி சுருங்கிவிடும். பின்பக்கம், பக்கவாட்டு விளிம்புகள், சுற்றுப்புறம் மூன்றையும் மறக்காதீர்கள்.

எழுத்து தெரிய வேண்டும் என்று மைதாவோ கோலமாவோ பூசுவதைப் பலர் செய்கிறார்கள். தண்ணீரில் கழுவிவிட முடிவதால் அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு இழுப்பதை மட்டும் ஏற்க முடியாது. கோடு இழுப்பவர் தான் நினைத்த எழுத்தை வரைகிறார். அதன் பிறகு படத்தைப் பார்க்கும் எல்லாரும் அவருடைய ஊகத்தைத்தான் படிக்கிறார்கள்.

எழுத்து ஆழமாக இருந்து, கல்லும் உறுதியாக இருந்தால் மைப்படி, அதாவது தாளில் மை ஒற்றி எழுத்தின் நகல், எடுக்கலாம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கல் என்றால் அனுமதி வாங்க வேண்டும். பசையேறாத தடித்த தாள் நல்லது. அச்சுக்குப் பயன்படும் மாப்லித்தோ தாளும் போதும். தாளைத் தண்ணீரில் முக்கி எடுத்து, நனைத்த கல்லின் மேல் நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழ் போகும்படி பரப்புங்கள். பிறகு விறைப்பான மயிர்த் தூரிகையால் நேராகத் தட்டுங்கள். இழுத்துத் தேய்த்தால் தாள் கிழியும். கிழிந்த இடத்தில் ஈரத்துண்டு ஒன்றை வைத்துத் தட்டினால் ஒட்டிக்கொள்ளும். தாள் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் இறங்கியதை விரல்நுனியால் தடவிப் பாருங்கள்.

இனி காத்திருக்க வேண்டும். தாளின் மேல் நீர் மினுமினுப்பு அடங்கி, புறங்கையால் தொட்டால் குளிர்ச்சி மட்டும் இருக்கும் நேரம்தான் மை ஒற்றும் நேரம். அதற்கு முன் ஒற்றினால் மை ஊறிக் கீறலுக்குள் இறங்கும், எழுத்து அடைபடும். தாமதித்தால் தாள் காய்ந்து விளிம்பிலிருந்து எழும்பும். அப்போது ஒற்றும் மை எழுத்தை இரட்டையாகக் காட்டும். வெயிலும் காற்றும் இருந்தால் இந்த இடைவெளி மிகக் குறுகியது, அதனால் ஒருவர் குடையோ துணியோ பிடிப்பது நல்லது. விளக்குக்கரியும் வேலம்பிசினும் குழைத்த மையைப் பலகையில் தடவி, பஞ்சை உள்ளே வைத்துக் கட்டிய துணிப்பந்தில் கொஞ்சமாக எடுத்து, முதல் சுற்று சாம்பல் நிறத்தில், அடுத்த சுற்றுகளில் கறுப்பாக ஒற்றுங்கள். எழுத்து வெள்ளையாக நிற்கும். உலர்ந்ததும் மேலிருந்து உரித்து, பின்பக்கத்தில் ஊர், தேதி, மேல்பக்கம் எது என்று எழுதிச் சுருட்டுங்கள். எண்ணெய் ஊறிய கல்லில் தாள் ஒட்டாது. பொரிந்து உதிரும் கல்லில் எடுக்கவே கூடாது.

படிக்கும்போது அவசரம் வேண்டாம். தொண்டை மண்டலத்துப் பழைய நடுகற்களில் ‘கோவிசைய’ (அரசனின் பட்டம்) என்று தொடங்கி, அரசன் பெயர், ‘பருமற்கு’ (வர்மனுக்கு), ஆட்சியாண்டு, பிறகு நாடு, ஊர், வீரன் பெயர், செய்த செயல், ‘பட்டான் கல்’ (மாண்டவனின் கல்) என்று முடியும் அமைப்பு அடிக்கடி வரும். ‘தொறு’ என்றால் மந்தை. ‘தொறுக்கொண்ட’, ‘தொறு மீட்டு’ இரண்டும் எதிரெதிர்ச் செயல்கள். கவர்ந்தவர் யார், மீட்டவர் யார், பட்டவர் எந்தப் பக்கம் என்பது இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மங்கிய எழுத்தை ஊகித்து நிரப்பாமல் புள்ளி வையுங்கள். வரிக்கு வரி எண் போடுங்கள். புள்ளி இல்லாத மெய்யும், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகர ஒகரமும் இருப்பதால் முதலில் உள்ளது உள்ளபடி எழுதி, திருத்திய வடிவத்தைத் தனியே எழுதுங்கள்.

எழுத்து ஒரே இடத்தில் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் இருக்கிறது. அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்ததற்கும் கல்லில் தனியே எழுத்து இருக்கிறது. உருவமே இல்லாத கல்லையும் ஒதுக்க வேண்டாம்: தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த தமிழ்-பிராமி (மிகப் பழைய தமிழ் எழுத்து) நடுகற்களில் இருப்பது எழுத்து மட்டும்தான்.

வகையைக் குறிக்கும்போது கண்ணில் பட்டதை எழுதுங்கள், காலத்தைப் பிறகு பார்க்கலாம். கொங்குப் பக்கம் புலியோடு பொருதும் வீரன் இருந்தால் புலிகுத்திக்கல். பக்கத்தில் பெண் உருவமோ, வளையணிந்து உயர்த்திய கையோ இருந்தால் உடன்கட்டை ஏறியவருக்கு எடுத்த சதிக்கல். தன் கழுத்தைத் தானே அரிந்துகொள்பவர் இருந்தால் நவகண்டச் சிற்பம். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அடுக்கு நடுகற்கள் நிறைய: கீழே சண்டை, நடுவில் தேவமகளிர் வீரனைத் தூக்கிச் செல்வது, மேலே லிங்கத்தின் முன் அமர்ந்திருப்பது.

பதிவு முடிந்ததும் ஒரு பிரதியைக் கிராம நிர்வாக அலுவலரிடமும், ஒன்றை மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமும், ஒன்றை அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமும் கொடுங்கள். 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பமும் கல்வெட்டும் பழம்பொருள் என்பதை மனுவிலேயே எழுதுங்கள். சாலைப் பணியால் கல்லை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால், தொல்லியல் துறை அலுவலர் முன்னிலையில், நைலான் பெல்ட்டால் தூக்கச் சொல்லுங்கள். இரும்புச் சங்கிலி விளிம்பை உடைக்கும். பழைய திசையிலேயே, முடிந்தவரை பழைய இடத்துக்கு அருகிலேயே நட வேண்டும். அடியைச் சிமென்ட் கான்கிரீட்டில் புதைக்க விடாதீர்கள். அதன் உப்பு ஈரத்தோடு கல்லுக்குள் ஏறி மேற்பரப்பைப் பொரியவைக்கும், மறுமுறை எடுக்கும்போது கல்லே ஒடியும். மணலும் சரளையும் கெட்டித்த குழி போதும்.

இதே முறையில் பதிவு செய்ய வேண்டிய இன்னொரு வகை, முதல் உலகப்போர்ப் பலகை. வடமாவட்டங்களின் சில ஊர்ச்சுவர்களில், இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்த சிறு கல் இருக்கும். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் இருப்பதும் இந்த வகைதான். இவை சுண்ணாம்புப் பூச்சுக்கும் சுவரொட்டிக்கும் அடியில் மறைந்துகிடக்கும். எண்ணிக்கை மட்டுமே இருக்கும், பெயர் இருக்காது. பெயரை வீடுகளில்தான் தேட வேண்டும்: பழைய பதக்கம், ஓய்வூதியத் தாள், படைப்பிரிவு எண். பதக்கத்தின் விளிம்பைச் சுற்றிப் படைவீரர் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். பாலிஷ் போடாமல் சாய்ந்த ஒளியில் படம் எடுங்கள். அந்த எண்ணும் பிரிவும் கிடைத்தால், மாண்டவர் பெயரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தேடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டல் பலவாறு இருக்கும் என்பதால் முழுப் பெயரைப் போடாமல், படைவீரர் எண்ணையும் பிரிவையும் போட்டுத் தேடுங்கள்.