திரை நிறைந்தால் போதுமா? 4:3 டிவி 16:9 ஆனதில் நாம் செய்யும் தவறுகள்

திரை முழுக்கப் படம் நிறைந்திருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை. சீரியல் நாயகியின் முகம் பூரி மாதிரி உப்பியிருக்கும். செய்தி வாசிப்பவரின் தோள்கள் இரண்டும் திரையின் ஓரம் வரை விரிந்திருக்கும். "ஃபுல் ஸ்க்ரீன் தெரியுதுல்ல, விடு" என்று வீட்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு எளிது. பழைய டிவித் திரை 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். இப்போதைய திரை 16-க்கு 9. உயரத்தைச் சமமாக வைத்தால் பழைய படம் புதுத் திரையின் அகலத்தில் முக்கால்வாசியைத்தான் நிரப்பும். மிச்சம் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டையாக நிற்கும். அதைப் பொறுக்காமல் இழுத்து நிரப்பினால் ஒவ்வொரு ஆளும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகலமாகிவிடுவார். இழுக்காமல் ஜூம் செய்து நிரப்பினால் உயரத்தில் கால்வாசி போய்விடும்: மேலே தலை வெட்டுப்படும், கீழே ஸ்க்ரோல் காணாமல் போகும். பட்டை, இழுப்பு, வெட்டு, இந்த மூன்றுதான் வழி. இவற்றில் படத்தைக் கெடுக்காதது பட்டை ஒன்றுதான். அதைத்தான் நாம் கோளாறு என்கிறோம்.

கேபிள்காரரை அழைக்கும் முன்

"அதுதான் வைட்ஸ்க்ரீன் டிவி வாங்கியாச்சே, சினிமா போட்டால் மேலேயும் கீழேயும் இன்னும் ஏன் பட்டை?" இந்தக் கேள்விக்குப் பதில் செட்டாப் பாக்ஸில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது.

4:3 என்பது டிவிக்காரர்கள் கண்டுபிடித்த அளவு இல்லை. 1890-களில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் அவருடைய உதவியாளர் டிக்சன் 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு வகுத்த சட்டகம் அது. சினிமா அதையே பிடித்துக்கொண்டது, பின்னால் வந்த டிவியும் அப்படியே எடுத்துக்கொண்டது. 1950-களில் அமெரிக்காவில் டிவி வீட்டுக்கு வீடு நுழைந்து தியேட்டர் கூட்டத்தைக் குறைத்தபோது, வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்டவேண்டிய கட்டாயம் சினிமாவுக்கு வந்தது. 1953-ல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்தது. தமிழில் அது வர 1973 ஆயிற்று. ‘ராஜராஜ சோழன்’தான் முதல் தமிழ் சினிமாஸ்கோப் படம். அந்த அகலம் ஏறக்குறைய 2.35-க்கு 1. அப்படி எடுத்த படத்தை 4:3 டிவியில் பட்டையில்லாமல் நிரப்பினால் அகலத்தில் நூற்றுக்கு 43 பங்கு வெளியே போய்விடும். டூயட்டில் நாயகன் ஒரு ஓரம், நாயகி மறு ஓரம். நடுவில் இருந்த மரத்தை மட்டும் ஒரு சரணம் முழுக்கப் பார்த்த தலைமுறை நாம்.

புது டிவிக்கு என்ன வடிவம் வைப்பது என்று 1980-களில் பேச்சு எழுந்தது. அமெரிக்கப் பொறியாளர் கெர்ன்ஸ் பவர்ஸ் புழக்கத்தில் இருந்த சட்டகங்களை எல்லாம் ஒரே பரப்பளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றன் மேல் ஒன்றாக, நடுப்புள்ளி பொருந்தும்படி வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச்சட்டமும், எல்லாவற்றுக்கும் பொதுவான உட்சட்டமும் உயரத்தைப் போல 1.77 மடங்கு அகலம் என்ற ஒரே வடிவத்தில் வந்தன. அதுதான் 16:9. பழைய டிவிக்கும் அகலமான சினிமாவுக்கும் நடுவே செய்துகொண்ட சமரசம் இது. எனவே பழைய சீரியலுக்குப் பக்கத்தில் பட்டை வரும், ஸ்கோப் படத்துக்கு மேலும் கீழும் வரும். இரண்டும் வந்தால்தான் உங்கள் டிவி ஒழுங்காக இருக்கிறது. ஸ்கோப் படத்துக்குப் பட்டையே வரவில்லை என்றால்தான் சந்தேகப்படவேண்டும்: யாரோ ஓரத்தில் கால்வாசியை வெட்டியிருக்கிறார்கள், அல்லது உயரத்தில் இழுத்திருக்கிறார்கள்.

சேனல்களின் சங்கடம்

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் ஒரே இரவில் நடக்க வாய்ப்பே இல்லை. 2006-ல் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டிவி போய்ச் சேர்ந்தது. எல்லாம் 4:3. 2010-ல் டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்காகத் தூர்தர்ஷன் எச்டிக்கு வந்தது, 2011-ல் சன் டிவியின் எச்டி சேனல் வந்தது. ஆனால் அந்த 14 அங்குலப் பெட்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரே சீரியலை அகலமாக எடுத்து, இரண்டு வகை வீட்டுக்கும் அனுப்பவேண்டிய நிலை.

இந்த இடைக்காலத்தில் படம் எடுப்பவர்கள் செய்யக்கூடிய பெரிய தவறு, மானிட்டரில் அழகாக இருக்கிறதே என்று முக்கியமான ஆளை ஓரத்தில் நிறுத்துவது. 4:3-க்காக நடுப்பகுதியை வெட்டினால் ஆள் காணாமல் போவார். கிரிக்கெட்டில் ஸ்கோர் பட்டையும் சேனல் லோகோவும் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி நின்ற காலம் ஒன்று இருந்தது. அதற்குக் காரணம் இதுதான். பிரிட்டனில் பிபிசி வேறு சமரசம் செய்தது. 1998-ல் டிஜிட்டலில் வைட்ஸ்க்ரீன் தொடங்கியபோது, பழைய அனலாக் நேயர்களுக்கு 14:9 என்ற நடுவாந்தர வடிவத்தில் அனுப்பியது. ஓரத்தில் கொஞ்சம் வெட்டு, மேலும் கீழும் மெல்லிய பட்டை. யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் யாருக்கும் பெரிய இழப்பும் இல்லை.

இரண்டு முறை திருத்தினால்

படம் உங்கள் சுவருக்கு வருமுன் சேனல், கேபிள் கட்டுப்பாட்டு அறை, செட்டாப் பாக்ஸ், டிவி என நான்கு கை மாறுகிறது. நான்கில் ஒவ்வொன்றும் வடிவத்தைத் திருத்தத் துடிக்கிறது. திருத்தம் ஓரிடத்தில் நடந்தால் சரியாக இருக்கும். இரண்டு இடத்தில் நடந்தால் கெட்டுவிடும். உப்பிய முகம், ஒல்லி முகம், நான்கு பக்கமும் பட்டை எல்லாமே பெரும்பாலும் இப்படி வருபவைதான்.

எச்டி அல்லாத சாதாரண டிஜிட்டல் சேனலில் படம் 720-க்கு 576 புள்ளிகள். 4:3 படமானாலும் 16:9 படமானாலும் அதே எண்ணிக்கைதான். அகலமான படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி அதே புள்ளிகளுக்குள் அடைத்து அனுப்புகிறார்கள். "இதை விரித்துக் காட்டு" என்று ஒரு சின்னக் குறிப்பு கூடவே போகிறது. சேனல் அகலத்துக்கு மாறிய பிறகும் குறிப்பு 4:3 என்றே இருந்தாலோ, வழியில் படத்தை மறுபடி என்கோட் செய்யும்போது, அதாவது வேறு டிஜிட்டல் வடிவுக்கு மாற்றும்போது, குறிப்பு தவறிப்போனாலோ ஆட்கள் நெட்டையாக, ஒல்லியாகத் தெரிவார்கள். எச்டிஎம்ஐ கேபிள் இந்தக் குறிப்பை டிவிவரை கொண்டுபோகும். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த ஏவி கேபிளில் பெரும்பாலும் அது போய்ச் சேராது. அதனால்தான் பாக்ஸ் மெனுவில் "உங்கள் டிவி 4:3-ஆ, 16:9-ஆ" என்று ஒரு கேள்வி இருக்கிறது. பெட்டியைப் பிரித்த நாளில் இருந்தபடியே அதை விட்டுவிடுவதுதான் வீடுகளில் நான் அதிகம் காணும் தவறு.

என்ன ஆகிறது பாருங்கள். டிவி புதுசு, பாக்ஸ் மட்டும் இன்னும் 4:3 என்று நம்பிக்கொண்டிருக்கிறது. 16:9 சேனல் வந்தால் பாக்ஸ் அதைச் சுருக்கி மேலும் கீழும் பட்டை வைக்கும். அதை வாங்கும் டிவி, "இது 4:3 படம்" என்று இரண்டு பக்கமும் பட்டை வைக்கும். நடுவில் தபால்தலை அளவுக்குப் படம் நிற்கும். திரைப் பரப்பில் ஏறக்குறைய 44 விழுக்காடு வீண். கடுப்பாகி ரிமோட்டில் ஜூம் அழுத்துகிறீர்கள்; அந்தச் சேனல் சரியாகிவிடும். அடுத்து ஒரு பழைய 4:3 சேனலுக்குப் போனால் எல்லாருக்கும் தலை போயிருக்கும். பிறகு அதற்கொரு அமுக்கல், இதற்கொரு அமுக்கல். கடைசியில் தாத்தா ரிமோட்டையே ஒளித்துவைத்துவிடுவார்.

முதலில் பாக்ஸைத் திருத்துங்கள். மெனுவில் டிவி வகை 16:9 என்று வையுங்கள், முடிந்தால் எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாறுங்கள். அப்புறம் டிவியில் ‘ஒரிஜினல்’ அல்லது ‘ஆட்டோ’ வைத்து, ரிமோட்டைக் கீழே போடுங்கள். சரிபார்க்க ஒரு பழைய நிகழ்ச்சி, ஒரு புது நிகழ்ச்சி, இரண்டிலும் உருண்டையான ஏதாவது ஒன்றைத் தேடுங்கள்: கிரிக்கெட் பந்தின் குளோசப், சுவர்க் கடிகாரம், அசோகச் சக்கரம். இரண்டிலும் வட்டம் வட்டமாக இருந்தால் வேலை முடிந்தது. அந்தக் காலத்து டெஸ்ட் பேட்டர்ன் படங்களின் நடுவில் பெரிய வட்டம் வரைந்திருந்ததற்கும் இதே காரணம்தான்.

இவ்வளவு செய்தும் ஒரு சேனலில் மட்டும் முகம் உப்பியிருந்தால் தவறு உங்கள் வீட்டில் இல்லை. அவர்கள் பழைய சரக்கை இழுத்தே அனுப்புகிறார்கள். செய்திச் சேனல்களில் பழைய தலைவர்களின் காட்சிகள் இப்படித்தான் படாதபாடு படுகின்றன. இழுப்புக்குப் பதில் வெட்டினாலும் ஆபத்துதான். 2019-ல் டிஸ்னி ப்ளஸ் தளம் ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனின் பழைய பாகங்களை 16:9-க்கு வெட்டிப் போட்டது. பியர் ஆலையில் மூன்று வெவ்வேறு பெயர்த் தொட்டிகளுக்கும் மேலே ஒரே குழாயிலிருந்து ஒரே பியர் வருவதுதான் அதில் ஒரு காட்சியின் நகைச்சுவை. குழாய் வெட்டுப்பட்டது, சிரிப்பும் போயிற்று. ரசிகர்கள் கொதித்ததும் 2020-ல் பழைய வடிவத்தையும் பார்க்க வழிசெய்தார்கள்.

டிவி வாங்கும்போது

29 அங்குலப் பழைய டிவியைக் கொடுத்துவிட்டு 32 அங்குலம் வாங்கியவர்களுக்கு "படம் சின்னதாகிவிட்டதே" என்று தோன்றினால் அது பிரமை இல்லை. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 29 அங்குல 4:3 திரையின் உயரம் சுமார் 17.4 அங்குலம், 32 அங்குல 16:9 திரையின் உயரம் 15.7-தான். பழைய சீரியல் அதில் 26 அங்குல டிவி அளவுக்குத்தான் தெரியும். பழைய உயரம் வேண்டுமானால் 36 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

வைட்ஸ்க்ரீன் என்றாலே எச்டி என்பதும் தவறு. ஒன்று வடிவம், மற்றது துல்லியம். எச்டி சேனலிலும் 4:3 படம் வரலாம், சாதாரண சேனலும் 16:9-ல் வரலாம். கருப்புப் பட்டையால் திரை கெட்டுவிடும் என்ற பயம் பிளாஸ்மா காலத்தது. ஓஎல்இடி வைத்திருப்பவர்கள் நாள் முழுக்க ஒரே சேனலை ஓடவிடாமல் இருந்தால் போதும், எல்இடிக்காரர்கள் மறந்துவிடலாம். ஸ்க்ரோலின் அடிப்பாகம் மட்டும் வெட்டுப்பட்டால் அது டிவி தானாகச் செய்யும் ஓர வெட்டு. எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, சாம்சங்கில் ‘ஸ்க்ரீன் ஃபிட்’ என்று தேடி மாற்றினால் நிற்கும்.

கல்யாண கேசட்

இந்தத் தவறுகளிலேயே திருத்த முடியாதது ஒன்று உண்டு. பழைய கல்யாண வீடியோவை டிஜிட்டலாக்கக் கொடுக்கும்போது, திரை நிறையவேண்டும் என்று கேட்காதீர்கள். கேட்டால் ஸ்டூடியோவில் இழுத்தோ வெட்டியோ தருவார்கள். கேசட்டும் அப்புறம் பூஞ்சை பிடித்துப்போகும். 4:3-லேயே வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். 720-க்கு 576 கோப்பைக் கணினி அப்படியே காட்டினால் ஆட்கள் லேசாக ஒல்லியாவார்கள். 768-க்கு 576 ஆக மாற்றினால் சரியாகும். கை அசையும்போது ஓரங்களில் வரிவரியாகக் கோடு வந்தால், டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிவான வரிகளை முழுப் படங்களாக்கி, வினாடிக்கு 50 ஃப்ரேமாகத் தரச் சொல்லுங்கள். பக்கத்துப் பட்டையையும், இப்போது எல்லாரும் போடும் மங்கலான பின்னணியையும் கோப்பிலேயே சேர்த்துவிட வேண்டாம். யூடியூபில் ஏற்றினால் அந்தந்தத் திரைக்கு ஏற்ற பட்டையை அதுவே வைத்துக்கொள்ளும்.