பார்வை மாற்றுத்திறனாளி ஊழியருக்குக் கருவி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வை மாற்றுத்திறனாளி ஒருவர் வேலைக்குச் சேர்கிறார் என்றதும் நம் சென்னை அலுவலகங்களில் எழும் முதல் கேள்வி, "என்ன சாஃப்ட்வேர் வாங்கணும்?" அவர் என்ன வேலை செய்யப்போகிறார், எந்தெந்த மென்பொருளில் செய்யப்போகிறார் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது. வரிசை மாறிப்போவதால், பணம் செலவழித்த பிறகும் அவர் சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் பக்கத்து சீட்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

அடுத்த தவறு, எல்லோருடைய பார்வைக் குறைபாட்டையும் ஒன்றாக நினைப்பது. முழுமையாகப் பார்வை இல்லாதவருக்கு, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்க்ரீன் ரீடர் வேண்டும், சரி. கொஞ்சம் பார்வை உள்ளவருக்கு? "எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்துடலாம்" என்கிறார்கள். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோயோ முற்றிய கண் அழுத்த நோயோ இருப்பவர்களுக்குப் பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, நடுவில் கொஞ்சம்தான் தெரியும். எழுத்தை மிகவும் பெரிதாக்கினால் ஒரு சொல்கூட அந்த வட்டத்துக்குள் முழுதாக அடங்காது. சிலருக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வசதி. சிலருக்கு ஜன்னல் வெளிச்சம் திரையில் அடிக்காத இடத்துக்கு மேசையை நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். மருத்துவச் சான்றிதழில் உள்ள சதவீதத்தைப் பார்த்து இதையெல்லாம் முடிவு செய்ய முடியாது. அவரையே கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

விலையை வைத்துத் தரத்தை எடை போடுவதும் வேண்டாம். ஜாஸ், என்விடிஏ இரண்டும் ஸ்க்ரீன் ரீடர்கள். ஜாஸ் கட்டண மென்பொருள். என்விடிஏ இலவசம், ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-ல் தொடங்கிய திட்டம் அது. இன்று உலகம் முழுக்க அலுவலகங்களில் பயன்படுகிறது. சில குறிப்பிட்ட மென்பொருள்களில் ஜாஸ் கூடுதலாகக் கைகொடுக்கும். அப்படித் தேவைப்பட்டால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். ஆனால் பத்து வருடமாக ஒன்றின் குறுக்குவிசைகளில் கை பழகியவரிடம், "ஆபீஸில் இதுதான் இருக்கு" என்று இன்னொன்றைத் திணித்தால் அவர் வேகம் பாதியாகிவிடும்.

என் அனுபவத்தில் அதிகம் சொதப்புவது சோதிக்கும் இடத்தில்தான். விற்பவர் வேர்டு கோப்பு ஒன்றைத் திறந்து கணீரென்று படிக்கவைப்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள். அம்பத்தூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். அங்கே நாள் முழுக்க ஓடுவது வேர்டு அல்ல, அந்தக் கம்பெனிக்கென்று எழுதிய பில்லிங் மென்பொருள். அதில் பொத்தான்களுக்குப் பெயர் கொடுத்திருக்க மாட்டார்கள். ஸ்க்ரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லும். சேமிக்கும் பொத்தான் எது, அழிக்கும் பொத்தான் எது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்? வேறிடத்தில் உள்ள கணினியை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை என்றால் இன்னும் சிக்கல். அங்கே திரை வெறும் படமாகத்தான் வந்து சேரும். தனி ஏற்பாடு இல்லாவிட்டால் ஸ்க்ரீன் ரீடருக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. ஆகவே அவருடைய சீட்டில், அவருடைய லாகினில், வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம் உட்பட ஒரு நாள் வேலையை மவுஸைத் தொடாமல் அவரே செய்துபார்க்கட்டும்.

தமிழில் கோப்புகள் புழங்கும் அலுவலகம் என்றால் எழுத்துருவைக் கவனியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று திரையில் தெரிந்தாலும், கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான். ஸ்க்ரீன் ரீடர் அதைத்தான் உளறும். பழி மட்டும் "தமிழ் படிக்கத் தெரியாத சாஃப்ட்வேர்" என்று கருவியின் மேல் விழும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் இருக்கிறது, விண்டோஸிலும் தமிழ்க் குரல் உண்டு. இரண்டுக்கும் வேண்டியது யூனிகோடு, அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடு தரும் பொதுவான முறை. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. இன்னும் பழைய எழுத்துருவில் சுற்றறிக்கை அடித்து, அச்செடுத்து, ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக அனுப்பினால் எந்த விலையுயர்ந்த கருவி வந்தும் பெரிய பயனில்லை.

அப்புறம், வாங்கிக் கொடுத்ததோடு கைகழுவுவது. ஐடி பிரிவு பாதுகாப்பு என்று நிறுவவே விடாது. விட்டாலும் அப்டேட்டைத் தடுத்து வைக்கும். இதற்கான அனுமதியை அவர் சேரும் நாளுக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஸ்க்ரீன் ரீடரைக் கேட்டுக்கொண்டே வாடிக்கையாளரிடமும் பேச வேண்டிய வேலை என்றால், இரண்டு ஒலியும் தனித்தனிக் காதில் கேட்கும் ஏற்பாடு தேவை. பயிற்சிக்கு வழி தெரியாவிட்டால், பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

இதையெல்லாம் சலுகை என்று நினைக்கும் நிர்வாகிகளும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 20-வது பிரிவு, அரசு நிறுவனங்கள் தங்கள் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குத் தக்க வசதி செய்து தரவேண்டும் என்கிறது. 21-வது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். தனியாரும் இதில் அடக்கம். எந்தக் கருவி, யார் பொறுப்பு, பழுதானால் யாரிடம் சொல்வது என்பதை அந்தக் கொள்கையிலேயே எழுதிவிடலாம். புதிய மென்பொருளுக்கு ஆர்டர் போடும்போதும், "கீபோர்டு மட்டும் கொண்டு முழுதும் இயங்க வேண்டும், ஸ்க்ரீன் ரீடரில் சோதித்துக் காட்ட வேண்டும், அதன் பிறகே பணம்" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.